சிலிண்டர் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதம் பிறந்தால் வணிக சிலிண்டர் விலை ஏறியது, இறங்கியது என்று செய்தி வருகிறது. ஓட்டல், மெஸ், டீக்கடை, பேக்கரி, கேட்டரிங் நடத்துவோர் முதலில் தேடிப் படிக்கும் செய்தி அது. ஆனால் அதில் உள்ள ஒரே ஒரு எண்ணை வைத்து எந்தக் கேஸ் நமக்குக் கட்டுப்படியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே செய்தியில் ஒரு கிலோவின் விலை, ஜிஎஸ்டி நீக்கிய விலை, அந்த ஊரில் குழாய் கேஸ் (குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு) இருந்தால் அதன் ஒரு கனமீட்டர் விலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். ஏன் கேட்கிறோம் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

19 கிலோ சிலிண்டர் விலை சென்னையில் 2022 மே மாதம் 2,508 ரூபாய். 2025 செப்டம்பரில் 1,738 ரூபாய். அதே செப்டம்பரில் மும்பையில் 1,531 ரூபாய் 50 காசு. சிலிண்டரில் வரும் எல்பிஜியில் கலந்திருக்கும் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் வெளிநாட்டுச் சந்தை விலை, டாலர் மதிப்பு, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து மாதாமாதம் இதை ஆட்டிவைக்கின்றன. அதை நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது, கொடுக்கிற பணத்துக்கு எவ்வளவு வெப்பம் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது மட்டுமே.

எல்பிஜி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 11,900 கிலோ கலோரி வெப்பம். குழாய் கேஸ் ஒரு கனமீட்டருக்கு, கேஸ் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, 9,000 முதல் 9,800 வரை. நடுவில் 9,400 என்று வைத்துக்கொண்டால் ஒரு 19 கிலோ சிலிண்டர் 24 கனமீட்டர் குழாய் கேஸுக்குச் சமம். ஆக 1,738 ரூபாய் சிலிண்டரை 24-ஆல் வகுத்தால் 72 ரூபாய் 40 காசு. குழாய் கேஸ் எல்லா வரியும் கட்டணமும் சேர்த்து இதற்குக் கீழே வந்தால்தான் லாபம். சில கம்பெனிகள் கனமீட்டரில் விலை சொல்லாமல் எம்எம்பிடியு கணக்கில் சொல்லும். ஒரு எம்எம்பிடியு என்பது 2,52,000 கிலோ கலோரி. ஒரு சிலிண்டர் 0.9 எம்எம்பிடியு. அவர்கள் சொல்லும் விலையை 0.9-ஆல் பெருக்கினால் சிலிண்டரோடு நேராக ஒப்பிடலாம்.

இதோடு முடிந்ததாக நினைத்துத்தான் பலர் குழாய் கேஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வரியை மறந்துவிடுகிறார்கள். வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,738 ரூபாயில் 265 ரூபாய் வரி. சரக்கின் விலை 1,473 ரூபாய்தான். 5 சதவீத ஜிஎஸ்டியில் இருக்கும் சாதாரண ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது, 1,738-உம் கைச்செலவு. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் பாக்கெட் முறுக்கு, மிக்சர் தயாரித்து ஜிஎஸ்டி பில் போட்டு விற்பவர் அந்த 265 ரூபாயை வரவு எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒப்பிட வேண்டிய எண், 1,473-ஐ 24-ஆல் வகுத்து வரும் 61 ரூபாய் 40 காசு. குழாய் கேஸ் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை; அதன் மீது மாநில வாட் வரி. அதை ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை. எனவே ஒரே தெருவில், ஒரே குழாயில் வரும் 66 ரூபாய் கேஸ் ஓட்டல்காரருக்கு லாபம், முறுக்குக் கம்பெனிக்கு நஷ்டம். பக்கத்துக் கடைக்காரர் மாறிவிட்டார் என்று நாமும் மாறுவதில் உள்ள ஆபத்து இதுதான். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்து இந்தக் கணக்கையே தவிர்க்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும்.

அடுத்து, காசு கொடுத்து வாங்கிய கேஸைத் திருப்பி அனுப்பும் கதை. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். பட்டி அடுப்பும் தோசைக்கல்லும் ஒன்றாக எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வியர்த்து, பிறகு வெள்ளையாக ஐஸ் கட்டும். உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாவதற்குச் சுற்றியுள்ள இரும்பிலிருந்தும் தன்னிடமிருந்தும்தான் வெப்பத்தை எடுக்கிறது. வேகமாக இழுத்தால் குளிர்ந்து அழுத்தம் விழுகிறது. எல்பிஜியில் புரொப்பேன் முதலில் ஆவியாகிவிடும். அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய 0 டிகிரியில். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன்; குளிர்ந்த சிலிண்டரிலிருந்து அது எழும்பாது. சுடர் தணிந்ததும் 'கேஸ் தீர்ந்தது' என்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுவார். உள்ளே ஒரு கிலோ, சில நேரம் இரண்டு கிலோ அப்படியே ஏஜென்சிக்குத் திரும்பும்.

நாளுக்கு மூன்று சிலிண்டர் எரிக்கும் ஓட்டலில் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மிஞ்சினால் மாதத்துக்கு 90 கிலோ. செப்டம்பர் விலையில் 8,200 ரூபாய்க்கு மேல். ஏஜென்சிக்காரர் தரும் எந்தத் தள்ளுபடியையும் இது விழுங்கிவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: சிலிண்டரின் கைப்பிடி வளையத்தில் வெற்று எடை அடித்திருக்கும். காலி சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடையைக் கழியுங்கள். மிச்சம் வருவது உங்கள் கேஸ். நிறை சிலிண்டர் வந்து இறங்கும்போதும் இதே தராசில் வெற்று எடையோடு 19 கிலோ இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் ஆள் நிற்கும்போதே திருப்பிவிட வேண்டும். பெயரளவுக்கு மாதம் ஒன்றை எடை போடுவதில் பயனில்லை. இறங்குகிற ஒவ்வொன்றையும் போடுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

ஐஸ் கட்டுவதற்குச் சுடுதண்ணீர் ஊற்றுவது, சிலிண்டரைப் படுக்கப் போடுவது இரண்டும் மருந்தல்ல. படுக்கப் போட்டால் திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். அடுப்பில் திடீரென்று பெருந்தீ எழும். சரியான வழி மேனிஃபோல்டு, அதாவது பல சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்க்கும் இணைப்பு. தொடர்ந்து எரியும்போது ஒரு சிலிண்டரிலிருந்து மணிக்கு முக்கால் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ இழுக்கலாம். பர்னர்கள் எல்லாம் சேர்ந்து மணிக்கு 3 கிலோ எரித்தால் நான்கு சிலிண்டரை ஒரே வரிசையில் சேர்த்துவிடுங்கள். நான்கும் மெதுவாகக் குறையும், ஐஸ் கட்டாது, அடிவரை தீரும். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் வைக்கக்கூடிய எல்பிஜி 100 கிலோ. நான்கு இணைப்பில், ஒன்று கையிருப்பு என்றால் 95 கிலோ. அதற்கு மேல் போனால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் எடுக்க வேண்டும். பெரிய கேன்டீன், கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் திரவமாகவே எடுத்து வேப்பரைசர் வழியாக ஆவியாக்கும் சிலிண்டர்களும், 425 கிலோ ஜம்போ சிலிண்டரும் கிடைக்கின்றன. அங்கே மிச்சம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை.

இனி யாரிடம் வாங்குவது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் அறிவிக்கும் விலை ஒரே ஊரில் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஏஜென்சி தரும் தள்ளுபடியிலும், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் வண்டி வருமா என்பதிலும். தள்ளுபடி பில்லில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். கையில் பணமாகத் திருப்பித் தருகிறேன் என்றாலோ, பில்லே வேண்டாம், குறைத்துத் தருகிறேன் என்றாலோ ஒதுங்கிவிடுங்கள். பில் இல்லாத சிலிண்டரில் எடையும் நிச்சயமில்லை.

தனியார் நிறுவனங்கள் 19 கிலோ தவிர வேறு அளவுகளிலும் தருகின்றன. 17 கிலோ சிலிண்டர் 1,590 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் 1,738-ஐவிட மலிவாகத் தோன்றும். கிலோவுக்கு 93 ரூபாய் 53 காசு, 19 கிலோவில் 91 ரூபாய் 47 காசு. எனவே எப்போதும் கிலோ விலை கேளுங்கள். இன்னொன்று, முதல் மூன்று மாதம் குறைந்த விலை என்ற ஒப்பந்தம் நான்காம் மாதத்தில் என்ன ஆகும் என்று எழுத்தில் இருக்காது. 'அன்றைய தேதியில் இந்த ஊரில் பொதுத்துறை நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட விலையிலிருந்து கிலோவுக்கு இத்தனை ரூபாய் குறைவு' என்று வாசகம் போடச் சொல்லுங்கள். அப்போது சந்தை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் லாபம் அப்படியே நிற்கும். சிலிண்டர் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை, எத்தனை நாள் முன்னறிவிப்பு, மேனிஃபோல்டு யாருடைய சொத்து, இவை மூன்றும் அதே தாளில் வர வேண்டும். இலவசமாக மேனிஃபோல்டு போட்டுத் தருபவர் மூன்று வருடம் கட்டிப்போடுவார். அந்தச் செலவைக் கிலோ விலையில் பரப்பிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.

குழாய் கேஸில் ஆளை மாற்றும் வசதி இல்லை. ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனத்துக்கே அனுமதி: சென்னை, திருவள்ளூருக்கு டொரண்ட் கேஸ், கோவைக்கு இந்தியன் ஆயில் என்று பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பேரம் பேச இடம் குறைவு என்பதால் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியது அதிகம். குறைந்தபட்சக் கொள்முதல் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மார்கழியில் வியாபாரம் குறைந்தாலும், கடையைப் பத்து நாள் பெயின்ட் அடிக்க மூடினாலும் அந்த அளவுக்குப் பணம் கட்ட வேண்டும். உங்கள் சராசரியை எழுதாதீர்கள். வருடத்தில் மிக மந்தமான மாதத்தின் அளவை எழுதச் சொல்லுங்கள். விலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், எதை வைத்து மாறும் என்பதும் தெரிய வேண்டும்.

மீட்டர் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பில் போடுவது 15 டிகிரி வெப்பம், சாதாரண வளிமண்டல அழுத்தம் என்ற நிலைக்கு மாற்றிய கனமீட்டருக்கு. உங்கள் மீட்டரில் கேஸ் வருவதோ 30 டிகிரியில், சற்றுக் கூடுதல் அழுத்தத்தில். 100 மில்லிபார் இணைப்பு என்றால் அழுத்தத்துக்கு 1.099, வெப்பத்துக்கு 0.95, இரண்டையும் பெருக்கினால் 1.044. மீட்டரில் 1,000 ஓடினால் பில்லில் 1,044 வருவது நியாயம். 1,099 வந்தால் வெப்பத்துக்கான கழிவைத் தரவில்லை என்று பொருள்; எழுதிக் கேளுங்கள். பில்லில் அந்தக் காலத்துக்கான வெப்ப மதிப்பும் இருக்க வேண்டும். அது 9,000-க்கு அருகில் என்றால் சிலிண்டர் ஒன்றுக்கு 24 என்பதை 25 ஆக்கிக் கணக்கிடுங்கள்.

குழாய் கேஸுக்கு மாறுவதற்கான செலவில் பலரும் விட்டுவிடுவது ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் சிறு துளையுள்ள மூக்கு. எல்பிஜி பர்னரின் ஜெட்டில் துளை சிறியது. குழாய் கேஸுக்கு அது பெரிதாக வேண்டும். பழைய ஜெட்டையே துளைக் கருவியால் பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். துளை கோணலாகிவிட்டால் சுடர் ஒரு பக்கம் சாயும், மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். மிச்சப்படுத்த நினைத்த கேஸ் அங்கேயே போய்விடும். பர்னருக்கு உரிய அளவில் புது ஜெட் வாங்கிப் பொருத்துங்கள். பழையதைத் தனியே கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். மறுபடி சிலிண்டருக்குப் போக நேர்ந்தால் பெரிய துளையில் எல்பிஜியை விடக் கூடாது.

கேஸ் கசிவைக் காட்டும் கருவியின் இடமும் மாற வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு படியும். கருவி முழங்காலுக்குக் கீழே இருக்கும். குழாய் கேஸ் லேசானது, கூரைக்குப் போகும். பழைய இடத்திலேயே விட்டால் கசிவு நடந்தும் கருவி கத்தாது.

இவ்வளவும் பார்த்த பிறகு கனமீட்டருக்கு 3 ரூபாய்க்கும் குறைவான லாபம்தான் வருகிறது என்றால் மாற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இயற்கை எரிவாயு எரியும்போது நீராவியாக வெளியேறும் வெப்பம் எல்பிஜியைவிடச் சற்றுக் கூடுதல், அதிலேயே அந்த லாபத்தில் பாதி கரையும். 8, 10 ரூபாய் வித்தியாசம் இருந்தால் தாராளமாக மாறலாம். ஆனால் சிலிண்டர் டெபாசிட்டை உடனே திருப்பி வாங்கிவிடாதீர்கள். குழாய் கேஸில் முழு இரண்டு மாத பில் வரட்டும். அந்த மாதங்களில் அரைத்த அரிசி, வடித்த சாதம், போட்ட டீ ஆகியவற்றின் அளவையும், முன்பு சிலிண்டரில் ஓடிய மாதங்களின் அளவையும் பக்கத்தில் வைத்து, ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை ரூபாய் கேஸ் என்று பாருங்கள். அது குறைந்திருந்தால் டெபாசிட் ரசீதை எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போகலாம்.

இப்படிக்கு,
வணிக எரிவாயு இணைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை.