பால்மா பக்கற்றுக்கு ஒத்துவராத லேபல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைக் களவைத் தடுக்கும் சாதனங்களுக்கு இலங்கையில் சந்தை இருக்கிறது என்று சென்னையிலிருந்தும் சீனாவிலிருந்தும் விலைப்பட்டியல்கள் வந்தபடி இருக்கின்றன. சந்தை இருப்பது உண்மை. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று மலையேறி வருவது பெரும்பாலும் குளிரூட்டிய பேரங்காடிக்கென்று செய்த சாமான்.

பணம் கட்டாத பொருளில் ஒட்டிய லேபல் தாண்டினால் சத்தமிடுவது வாசலில் நிறுத்தும் அலாரத் தூண். அதில் மலிவானது 8.2 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண் ரகம். கடைக்காரர் முதலில் காக்க நினைப்பதோ பால்மா பக்கற்றை. அதன் உட்புறம் அலுமினியப் படலம். 4 சென்ரிமீற்றர் சதுர லேபலை அதன்மேல் ஒட்டினால் அதிர்வெண் குலைந்துவிடும். தூண்களுக்கு நடுவே பிடித்து ஆட்டினாலும் சத்தம் வராது. 58 கிலோஹேர்ட்ஸ் ரகம் படலத்துக்கு இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மலிவான எல்ஈடி விளக்கின் மின்வழங்கி பக்கத்தில் இருந்தால் அதன் மின்காந்த இரைச்சலில் அதுவும் தடுமாறும். ஓடர் கொடுக்குமுன் பத்து லேபல் மாதிரி கேட்டு, இங்குள்ள பக்கற்றிலேயே ஒட்டிப் பார்ப்பதுதான் புத்தி.

இன்னொரு சிக்கல் வாசல். இங்கே பல கடைகளுக்குக் கதவே கிடையாது. இழுத்து மூடும் ஷட்டர்தான், அகலம் பத்துப் பன்னிரண்டு அடி. சிறிய லேபலுக்கு இரண்டு தூண்களுக்கிடையே ஒரு மீற்றர் சொச்சம்தான் தாங்கும். காசை மிச்சம் பிடிக்கத் தூண்களைத் தள்ளி நட்டால் நடுவில் பொருள் தாராளமாக வெளியே போகும். நாலு தூணுக்குச் செலவழிப்பதைவிட, காசாளர் மேசைக்குப் பின்னால் ஒரு பூட்டுப் பெட்டி எவ்வளவோ மேல். இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை.

கமராவில் பாதிக் குறை வயரிலேயே. செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்றே விற்கிறார்கள். 0.5 சதுர மில்லிமீற்றர் அசல் செம்பு வயரில்கூட 60 மீற்றர் தூரத்துக்கு அரை அம்பியர் ஓடினால் 12 வோல்ட் 10க்குக் கீழே இறங்கும். அலுமினியத்தில் 9ஐயும் தாண்டி இறங்கும். பகலில் படம் வரும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் கமரா அணைந்து அணைந்து எழும்பும். பழி கமராவுக்கு.

மூடுபனி நேரத்தில் கமராவோடு ஒட்டியுள்ள அந்த விளக்கு பனியில் பட்டுத் திரும்பிப் படத்தையே வெள்ளையாக்கும். விளக்கைத் தனியே, இரண்டு மூன்று அடி தள்ளிப் பொருத்த வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல். வெளிக் கமராவின் வயர் வழியே அதிர்ச்சி இறங்கிப் பதிவுப் பெட்டியைச் சுட்டுவிடும். மின்சார வயருக்கும் வீடியோ வயருக்கும் தனித்தனித் தடுப்பான், ஒழுங்கான புவித்தொடுப்பு, இரண்டும் வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது வீண்.

ஆக, இங்கே திரும்பத் திரும்ப விலைபோகக்கூடியது சில்லறைச் சாமான்: நல்ல செம்பு வயர், மின்னல் தடுப்பான், 13 அம்பியர் சதுரமுனைப் பிளக் கொண்ட அடப்டர், லேபல். பெட்டிக்கு 20,000 லேபல் என்றால் ஒரு ஊரே சேர்ந்தாலும் வாங்காது. ஒரே பெட்டியில் நாலைந்து வகை கலந்து அனுப்பச் சம்மதிப்பவருக்குத்தான் இங்கே வியாபாரம்.

கம்பியில்லா அலாரம், கமரா என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் எடுக்க வேண்டும். இந்தியச் சாமானுக்கு 2000 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் வரிச்சலுகை கேட்பவர்கள், சலுகையில்லாப் பொருள்களின் விலக்குப் பட்டியலில் அது இல்லையென்று பார்த்துக்கொண்டு, எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். சீன மின்சுற்றுப் பலகையை வாங்கி மூடி மட்டும் மாட்டியது அதில் தேறாது. பொதுவாகப் பொருளின் பெறுமதியில் 35 வீதம் இந்தியாவிலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கமரா, அலாரம் பொருத்துவோர் சிலர்,
ஹட்டன்.