தெர்மாகோலுக்குத் தடை, பிளாஸ்டிக் பூவுக்கு வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காம்போடு வெட்டி விற்கும் கொய்மலர்களின் சாகுபடி ஓசூர்ப் பகுதியில் நலிவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கென்யா, எத்தியோப்பியா ரோஜாக்களையே காரணமாகச் சொல்கிறார்கள். ஏற்றுமதிச் சந்தையில் அந்நாடுகள் கடும் போட்டிதான். ஆனால் இங்கே இறக்குமதியாகும் புதுமலர்களுக்கு 60 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி இருப்பதால், தாய்லாந்து ஆர்க்கிட் போன்ற சிலவற்றைத் தவிர, அவை நம் கல்யாண மண்டபங்களுக்குள் பெரிதாக நுழைந்துவிடவில்லை. மண்டபங்களைப் பிடித்துக்கொண்டவை சீனாவிலிருந்து வரும் பிளாஸ்டிக் பூக்களும் துணிப் பூக்களும்தான்.

மேடைப் பின்னணிக்குக் கட்டுக் கட்டாக விற்றுவந்த ஜெர்பராவுக்கும் கார்னேஷனுக்கும்தான் பெரிய அடி. முகூர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பசுமைக்குடிலில் ஜெர்பரா பூத்துக்கொண்டேதான் இருக்கும். பறித்ததைக் குளிர் அறையில் சில நாட்களுக்கு மேல் வைக்கவும் முடியாது. ஆடியில் விலை விழுந்து படும் நட்டத்தை ஆவணி, தை முகூர்த்தங்களில் ஈடுகட்டித்தான் கூலிக்கும் உரத்துக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டிய கூரைப் பாலித்தீனுக்கும், வங்கித் தவணைக்கும் பணம் புரட்டிவந்தோம். ஒருமுறை வாங்கிய பூவைத் துடைத்துத் துடைத்துப் பல திருமணங்களுக்குக் கட்டுபவரோடு நாங்கள் விலையில் போட்டியிடுவது எப்படி? (அலங்காரக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல இயலாது; முகூர்த்த நாளில் ரோஜா என்ன விலை விற்றாலும், பேசிய தொகைக்குள் மேடையை முடிக்க வேண்டியவர்கள் அவர்கள்.)

பசுமைக்குடில் அமைக்க 50 விழுக்காடு வரை மானியம் தருகிற அரசு, அதில் விளையும் பூவின் சந்தை பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கான தடைப் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும் பலூன் குச்சியும்கூட இடம்பெற்றன. பிளாஸ்டிக் பூ இடம்பெறவில்லை. அது பலமுறை பயன்படுகிறதே என்று வாதிடலாம். ஆனால் நிறம் வெளுத்ததும் அது போய்ச் சேருவது குப்பைமேட்டுக்குத்தான்; துணியும் கம்பியும் பிளாஸ்டிக்கும் பின்னிக் கிடப்பதால் அதை மறுசுழற்சி செய்வதும் கடினம்.

நான் முழுத் தடை கேட்கவில்லை. இறக்குமதிச் செயற்கைப் பூக்களுக்கு வரியை உயர்த்துவதோடு, அரசு விழாக்களிலும் கோயில் மண்டபங்களிலும் புதுமலர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும். அலங்கார ரசீதில் எத்தனை பங்கு செயற்கைப் பூ என்று எழுதுவதையும் கட்டாயமாக்கலாம். இங்கு அதிகம் விளையும் தாஜ்மகால் ரோஜாவுக்கே மணம் குறைவு என்பதால், மேடைக்குப் பணம் கொடுத்தவருக்கும்கூட இன்று பல நேரங்களில் புதுமலருக்கும் செயற்கைப் பூவுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
கொய்மலர் விவசாயி ஒருவர்,
தளி வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.