மலையேறி விற்கிறீர்கள், மலையிலேயே பழுதுபார்க்கவும் விடுங்கள்

கைபேசியும் மடிக்கணினியும் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

குன்னூரில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர், லேப்டாப், போன் மூன்றும் பார்ப்பேன். உங்களில் யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் தொடங்கி கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வரைக்கும் உங்கள் பெயர்ப்பலகை தொங்காத கடைத்தெரு இல்லை. தவணைக்குத் தருகிறீர்கள், பழசுக்குப் புதுசு தருகிறீர்கள், தீபாவளிக்குத் தள்ளுபடி தருகிறீர்கள். விற்பதற்கு மலையேறி வரும் நீங்கள், பழுது என்று வந்தால் மட்டும் எங்கள் ஜனங்களை மலையிறங்க வைக்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான். உங்கள் உதிரிபாகங்களையும் சர்க்யூட் வரைபடங்களையும் எங்களைப் போன்ற வெளிக்கடைகளுக்கும் நியாயமான விலைக்குக் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பழுதுக்குப் போக வேண்டிய கோயம்புத்தூர், குன்னூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பதினான்கு கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ். இது எங்களுக்கு. கூடலூர்க்காரருக்கு ஊட்டி வழியாக 135 கிலோமீட்டர் பக்கம் வரும். பந்தலூர், சேரம்பாடி என்றால் அதற்கும் மேல். "போர்டு பார்க்கணும், ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று கவுண்டரில் சொல்லும் அந்த ஒரு வரி, தேயிலை பறிப்பவருக்கு இரண்டு நாள் கூலி. மழைக்காலத்தில் மரப்பாலம், பர்லியார் பக்கம் மண் சரிந்துவிட்டால் அந்த வாரமும் நிச்சயமில்லை. மலை மேலேயே இருக்கும் உங்கள் சேவை மையங்களிலும், நான் பார்த்தவரை, டிஸ்ப்ளே, பேட்டரி தாண்டிய வேலை என்றால் வாங்கி வைத்துக் கீழே அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, தூரத்தை விடுங்கள். எங்கள் சீதோஷ்ணத்தை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதாகவே தெரியவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. மழை இல்லாத நாளிலும் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். குளிரில் தோட்டத்தில் இருந்துவிட்டு, அடுப்பெரியும் அறைக்குள் வந்ததும் போனுக்குள் நீர் கட்டும். சார்ஜிங் போர்ட்டின் ஊசிகளில் பச்சை பூக்கும். உள்ளே நீங்கள் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்துவிட்டால், "தண்ணீர் பட்டிருக்கு, வாரண்டி கிடையாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். நேரடியாகத் தண்ணீர் பட்டால்தான் அது சிவக்கும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உள்ளே கட்டும் நீரும் தண்ணீர்தானே? தண்ணீரில் விழுந்த போனுக்கும் பனியில் நனைந்த போனுக்கும் உள்ள வித்தியாசம், போர்டைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவனுக்குத் தெரியும். ஸ்டிக்கரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

குளிரும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைபனி பிடித்துக் கிடக்கும். "ராத்திரி 40 பர்சன்ட் இருந்தது, காலையில எடுத்ததும் ஆஃப் ஆயிடுச்சு" என்று வருவார்கள். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள் தடை கூடும். பழைய பேட்டரி என்றால் கேமராவைத் திறந்ததுமே வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். போனில் வேறு கோளாறு ஒன்றும் இருக்காது. நல்ல பேட்டரி ஒன்று போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். அந்த நல்ல பேட்டரிதான் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கோடநாடு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். போன் செத்துக் கிடந்தது. கீழே ஒரு சேவை மையத்தில் காட்டியிருக்கிறார். சில்லுகள் எல்லாம் ஒட்டியிருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், போன் விலையில் பாதிக்கு மேல் ஆகும், உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டார்களாம். மகனின் சான்றிதழ் படங்கள், பி.எஃப். விவரம், ஊருக்குப் போன அம்மாவின் குரல் பதிவுகள், எல்லாம் அதற்குள்தான். "தம்பி, போன் போனா போகட்டும், உள்ள இருக்கிறது போகக் கூடாது" என்றார்.

மல்டிமீட்டர் வைத்தேன், பேட்டரி லைன் ஷார்ட், அதாவது மின்சாரம் போக வேண்டிய வழியில் போகாமல் குறுக்கே பாய்கிறது. ஷீல்டு தகட்டை ஹாட் ஏரில் எடுத்துவிட்டு, போர்டு மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவி, பவர் சப்ளையில் ஒரு வோல்ட் மட்டும் அந்த லைனுக்குக் கொடுத்தேன். ஷார்ட் ஆன இடம்தான் முதலில் சூடாகும், அங்கேதான் ஈரம் முதலில் காயும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு ஓரத்தில், கடுகைவிடச் சின்ன ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்) மட்டும் உலர்ந்து தெரிந்தது. அதைத் தூக்கினேன், ஷார்ட் போய்விட்டது. அதே லைனில் அதே வேலைக்கு வேறு கெப்பாசிட்டர்களும் இருந்ததால், அந்த ஒன்று இல்லாமலேயே போன் உயிர் பெற்றது. அந்தப் பொருளின் விலை ஒரு ரூபாய்கூட வராது. போர்டை மாற்றியிருந்தால் அந்த அக்காவுக்கு என்னென்ன போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு வரைபடம் இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும், தவறு நடக்க வாய்ப்பும் குறையும். எந்த லைன் எங்கே போகிறது, எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தக் காலத்து வால்வு ரேடியோவிலும் டிவியிலும் சர்க்யூட் படத்தைப் பெட்டியோடு கொடுத்தார்கள். இன்று எங்கள் கையில் இருப்பதெல்லாம் எங்கிருந்தோ கசிந்து வந்தவை. சில மாடலுக்கு அதுவும் இல்லை. ஐசி, அதாவது சில்லு, வேண்டும் என்றால் செத்துப்போன இன்னொரு போனின் போர்டிலிருந்து கழற்றுகிறோம். நீங்கள் விற்காததால்தான் இப்படி.

அடுத்தது, உதிரிபாகத்தைப் போனோடு மென்பொருளால் பூட்டி வைப்பது. அசல் டிஸ்ப்ளேவையே இன்னொரு அசல் போனிலிருந்து எடுத்துப் போட்டாலும் "இது அறியப்படாத பாகம்" என்று எச்சரிக்கை வருகிறது, சில வசதிகள் வேலை செய்வதில்லை. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கிய பொருள் அது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படிப் பூட்டுவதை 2024-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள் உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடம் முக்கியமான பாகங்கள் கிடைக்க வேண்டும். கேட்டால் ஐந்து முதல் பத்து வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதத் திறன் மிஞ்ச வேண்டும். தொழில்முறையில் பழுதுபார்க்கும் வெளிக்கடைக்காரர்களுக்கும் பாகமும் விவரமும் கொடுக்க வேண்டும். அங்கே இதையெல்லாம் செய்துகொண்டுதான் வியாபாரமும் நடத்துகிறீர்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இப்போது மடிக்கணினிக்கு வருகிறேன். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் என் மேஜைக்கு வருகின்றன. வாங்கிய அண்ணன் வேலைக்குப் போயிருப்பார், இப்போது தங்கை படிக்க வைத்திருப்பாள். "ஆன் பண்ணிட்டு டீ போட்டுட்டு வரலாம்ண்ணா, அவ்வளவு ஸ்லோ" என்பாள். அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்று போடுவேன். நொடிக்கு 100 எம்பி அளவில் படித்துக்கொண்டிருந்தது 500 எம்பியைத் தொடும். அதைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி முள் அலைய வேண்டியதில்லை. தற்காலிக நினைவகமான ரேமுக்கு ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு துண்டு சேர்ப்பேன். விசிறியில் அடைந்த பஞ்சை எடுத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைப்பேன். அரை நிமிடத்தில் திறந்துகொள்ளும். அந்தப் பெண் அதிலேயே கல்லூரி முடித்துவிடுவாள்.

இப்போது நீங்கள் தரும் மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டி வருகிறது. சிலவற்றில் ஸ்டோரேஜும் அப்படித்தான். 8 ஜிபி போதும் என்று இன்று வாங்கியவர் நான்கு வருடம் கழித்து 16 வேண்டும் என்றால், இருப்பதை விட்டுவிட்டுப் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. எடை குறைய வேண்டும், வேகம் கூட வேண்டும் என்று சொல்வீர்கள். சில மாடலுக்கு அது நியாயமாகவே இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களுக்கென்று விற்கும் விலை குறைந்த லேப்டாப்பில் ஒரு கிராம் குறைவதால் யாருக்கு என்ன லாபம்? 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்த மாதிரித் திட்டங்களுக்கு ஒப்பந்தம் கேட்கும்போதாவது ஒரு ரேம் ஸ்லாட், கழற்றக்கூடிய எஸ்எஸ்டி, ஸ்க்ரூ போட்ட பேட்டரி, இந்த மூன்றையும் விட்டுவையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 2017-க்கு முந்தைய இன்டெல் பிராசஸர் இருக்கும் கணினி அநேகமாக எதுவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. "இதைத் தூக்கிப் போட்டுடலாமாண்ணா?" என்று கேட்டு வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்து. பாடம் படிக்க, கடிதம் அடிக்க, வீடியோ பார்க்க அதுவே தாராளம். ஆனால் அதில் வைஃபை கார்டும் டச்பேடும் ஒழுங்காக ஓட நீங்களும் டிரைவர் மென்பொருள் கொடுத்து உதவ வேண்டும்.

வெளிக்கடைகளில் டூப்ளிகேட் பாகம் போடுகிறார்கள், பேட்டரி வெடித்தால் யார் பொறுப்பு என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். டூப்ளிகேட் இருக்கிறது, உண்மைதான். கோயம்புத்தூரிலிருந்தும் சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் வரும் பார்சலில் எது நல்லது எது மட்டம் என்று தரம் பிரிப்பதே எங்களுக்குப் பாதி வேலை. ஒரே மாடல் டிஸ்ப்ளே மூன்று விலையில் வரும், மூன்றிலும் "ஒரிஜினல்" என்று எழுதியிருக்கும். பேட்டரி மேல் அச்சடித்த எம்ஏஎச் (கொள்ளளவு) ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. இதைச் சொல்லி எங்களைத் தள்ளி வைக்கிறீர்களே, அசலை நீங்கள் விற்றால் டூப்ளிகேட்டை யார் வாங்கப் போகிறார்கள்? நாணயமாகத் தொழில் செய்பவனுக்கு அசலை மறுத்தால், மட்டமான பொருளை விற்பவனுக்குத்தான் அது வழி திறக்கிறது. பாதுகாப்பு முக்கியம் என்றால் பயிற்சி கொடுங்கள், சான்றிதழ் கொடுங்கள். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. படித்துவிட்டு வேலைக்காக மலையிறங்கும் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நல்ல தொழில்.

இன்னொன்று. பிளாஸ்டிக் பாட்டிலை மலையேற விடாமல் செக்போஸ்டில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் மாவட்டம் இது. அதே சாலையில் உங்கள் பெட்டிகள் தினமும் மேலே வருகின்றன. உப்பிப்போன பேட்டரி, உடைந்த டிஸ்ப்ளே, செத்த போர்டு எல்லாம் திரும்பிக் கீழே போக ஒரு ஒழுங்கான வழி இல்லை. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. 2022-இல் பேட்டரிக் கழிவுக்கும் தனி விதி வந்துவிட்டது. இரண்டிலும் தயாரிப்பாளர் என்ற முறையில் பொறுப்பு உங்களுடையது. உப்பிய பேட்டரிகளை நான் மணல் போட்ட தகர டப்பாவில் தனியாக எடுத்து வைக்கிறேன். எல்லோராலும் அது முடியாது. பலருடையது வீட்டுக் குப்பையோடு போய்விடுகிறது. குன்னூர் ஆறு பவானியில்தான் போய்ச் சேருகிறது, கீழே இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர் அது. ஊருக்கு ஒரு சேகரிப்புப் பெட்டி, மாதம் ஒரு முறை அதை எடுத்துப் போக ஒரு வண்டி. உங்களுக்கு இது பெரிய செலவே இல்லை.

நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதற்கென ஒரு இணையதளமும் திறந்தது. எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. நீலகிரியிலிருந்தே தொடங்கலாம். அதிகம் விற்கும் ஐந்தாறு மாடலுக்கு டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு, பவர் ஐசி, இவற்றை ஊட்டியில் ஒரு விநியோகஸ்தரிடம் இருப்பு வையுங்கள். கடைக்காரர் ஜிஎஸ்டி எண்ணோ உரிமமோ காட்டி வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிய பாகத்தின் சீரியல் எண்ணை வாடிக்கையாளர் பில்லில் எழுதித் தருகிறோம், நீங்களும் சரிபார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். பச்சை பூத்த சார்ஜிங் போர்ட்டுகள் வரிசை கட்டி வரும் காலம் அது. அதற்கு முன்னால் முதல் பெட்டியை அனுப்பி வைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
குன்னூரில் கணினியும் கைபேசியும் பழுதுபார்க்கும் ஒருவர்