பாதித் தொட்டிக்கு ஆமை வேண்டாம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது அங்கே வீடு தேடும் அலைச்சல்.

விரிசல் விட்ட மீன் தொட்டியில் இனி என்ன வளர்க்கலாம் என்று கேட்டிருந்தாய், அந்த விஷயத்துக்கு வருகிறேன். மேற்பாதியில் விரிசல் விட்டாலும் தூக்கிப் போட உனக்கு மனம் வராது என்று தெரியும். பாதித் தண்ணீரில் ஏதாவது வளர்க்கலாம்தான். ஆனால் பேரன் கேட்கும் சிவப்புக் காது ஆமை மட்டும் வேண்டாம். கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சு, பெண்ணாக இருந்தால் பத்து அங்குலத்துக்கு மேல் வளரும். முப்பது ஆண்டுகள்கூட வாழும். உன் தொட்டியில் பாதி என்பது முப்பது லிட்டருக்கும் குறைவு. இடம் போதாமல் போனதும் பலர் அதைக் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது நம் ஊர் ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிவிடுகிறது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும் சால்மோனெல்லா கிருமியையும் அது பரப்பக்கூடும். 1975இல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டதே அதனால்தான். நம் ஊர் ஆமையைப் பிடித்து வளர்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

நண்டு வளர்த்துப் பார். பிச்சாவரத்துச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு நின்றவை நினைவிருக்கிறதா? அந்தப் பிடில் நண்டுகள் கடைகளில் கிடைக்கும். நல்ல தண்ணீரே போதும் என்பார்கள், நம்பாதே. சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டுச் செத்துப்போகும். அவற்றுக்கு உவர்நீர் வேண்டும், அதுவும் சமையல் உப்பைக் கரைத்தது அல்ல, கடல்நீருக்கென்று விற்கும் உப்பில் செய்தது. அவற்றின் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்பவை, தொட்டியில் பெருக்குவது கடினம் என்பதால், கடையில் இருப்பவையெல்லாம் கழிமுகத்தில் பிடித்தவையே. எனக்கு அது பிடிக்கவில்லை.

என் ஓட்டு வாம்பயர் (இரத்தக்காட்டேரி) நண்டுக்கு. பெயர்தான் பயமுறுத்துகிறது. ஓடு இரண்டு சென்டிமீட்டர் அகலம்தான். ஊதா உடல், மஞ்சள் கண். ஜாவா தீவைச் சேர்ந்த இரண்டு வகைகள் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்த பிறகு, 2015இல்தான் விஞ்ஞானிகள் முறைப்படி பெயரிட்டார்கள்! நல்ல தண்ணீர் போதும். முட்டையிலிருந்து நேரே குட்டி நண்டுகளாகவே வெளிவரும் என்பதால் தொட்டியிலேயே பெருகும். வீட்டில் பெருக்கியவற்றை விற்பவர் யாரென்று விசாரித்து வாங்கு. ஓர் ஆண், இரண்டு மூன்று பெண் போதும். ஆண்கள் கூடினால் சண்டைதான்.

இவை பெரும்பாலும் கரையில்தான் திரியும். ஆகவே தண்ணீரைப் பாதியைவிடவும் குறைத்து, நிலத்தைக் கூட்டிவிடு. மணலை வெறுமனே குவித்தால் சரிந்து விழும். கல்லையும் மரக்கட்டையையும் அணையாக வைத்து, பின்னால் ஈர மண், பாசி, காய்ந்த இலை போடு. அவ்வளவு குறைந்த தண்ணீரில், தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டர் வேலை செய்யாது; காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கு. நண்டு உரித்துப் போடும் மேலோட்டை எடுத்து எறியாதே. சுண்ணாம்புச் சத்துக்காக அதையே தின்னும். மீன் மருந்து எதையும் ஊற்றாதே. தாமிரம் கலந்திருந்தால் நண்டு தாங்காது.

எல்லாவற்றையும்விட மூடி முக்கியம். காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே போய்விடும். கட்டிலுக்கடியில் காய்ந்து கிடப்பதைப் பேரன் பார்க்க வேண்டாம். அடுத்த மாதம் மதுரை வரும்போது நானே வலை அடித்த சட்டம் கொண்டுவருகிறேன். தொட்டியின் நீள அகலத்தை உள்ளளவாக அளந்து எழுது.

அன்புடன்,
ரகு