திருகோணமலை கோணேசர் கோயிலடியில கச்சான் (நிலக்கடலை) விக்கிற ஐயாவுக்கு

போன ஞாயிறு கோயிலுக்குப் போயிட்டு, அப்பாட 1979 டயறிய ராவணன் வெட்டுப் பாறைப் பக்கக் கட்டில வச்சிட்டு போன் கதைச்சுக்கொண்டே நடந்திட்டன், ஓட்டோ உவர்மலை தாண்டினாப் பிறகுதான் நெஞ்சு திக்கெண்டது. அதில அப்பா, கச்சான் காத்து (மேல்காத்து) எண்டைக்குத் தொடங்கினது, புறாத்தீவில எத்தினை மாடப்புறா கண்டவர் எண்டெல்லாம் எழுதி, இடைக்கிடை கவிதையும் (சுமார்தான், அம்மாவப் பத்தி).

திரும்பி ஓடி வந்தா, காத்துக்குத் தாளெல்லாம் கழண்டு பறந்து, கோட்டைப் புள்ளிமான் ஒண்டு வைகாசிப் பக்கத்தில ஒரு மூலையக் கடிச்சும் போட்டுது. நீங்க கடைய விட்டிட்டுப் பொறுக்கி, திகதி பாத்து அடுக்கி, கச்சான் சுத்துற பேப்பரில மடிச்சு மேல படிக்கல்ல வச்சிருந்தீங்க, ஒருத்தரும் கேக்காமலே. காசு நீட்ட, "கச்சான் வாங்கினாத் தாங்கோ பிள்ள" எண்டீங்க.

வீட்ட வந்து விரிச்சா, காஞ்ச கொன்றைப்பூ கூட அந்த மஞ்சள் கறை இருந்த பக்கத்திலயே இருக்கு ஐயா! அதைப் பாத்துத்தான் அழுதன்.

பேர் கேக்க மறந்திட்டன். உங்கட பிள்ளையள் ஆரும் இதக் கண்டா வாசிச்சுக் காட்டுங்கோ. வாற ஞாயிறு வருவன், அரைக்கிலோ எடுத்து வையுங்கோ.