ராசப்பனுக்கு, பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள ராசப்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன், கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை. நம் சிநேகிதன் கெமிஸ்ட்ரி வந்திருந்தான். அதே மஞ்சள் பை, அதே பொய்.

மகள் வீட்டுக்கு மொரீஷியஸ் போய் வந்தேன் என்பது அவன் மூலமாக உனக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் ஒன்றைச் சொன்னால் அது பொள்ளாச்சி போய்ச் சேர ஒரு பஸ் போதும். நான் கடலில் நீந்தினேன் என்று சொல்லியிருந்தால் நம்பாதே. மற்றதெல்லாம் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். அதை முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். அதனால் கடைசியில் சொல்கிறேன்.

ஊர் பார்த்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாமரேல் என்ற இடத்தில் எரிமலை மண் மேடு மேடாகச் சிவப்பு, பழுப்பு, ஊதா என்று ஏழு நிறத்தில் கிடக்கிறது. பார்க்க டிக்கெட் வாங்கவேண்டும். கிராண்ட் பாசின் என்று எரிமலை வாயில் ஓர் ஏரி. அதற்குக் கங்கா தலாவ் என்று பேர் வைத்து, சிவராத்திரிக்கு ஊர் ஊராக நடந்தே வருகிறார்கள். கரையில் 33 மீட்டர் உயரத்துக்குச் சிவன் நிற்கிறார். பாம்பிள்மூஸ் தோட்டத்தில் நம்ம குடப்பனை இருக்கிறது. ஆயுளில் ஒரே தடவை பூத்துப் பட்டுப்போகும் மரம் என்று கைடு பெருமையாகச் சொன்னார். இந்த ஓலையில்தான் என் பாட்டன் குடை பிடித்தார் என்று சொல்ல வாயெடுத்தேன், மகள் முழங்கையால் ஒரு இடி. கடற்கரையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர்கள் வெயிலில் வேகிறார்கள்.

இனி தைப்பூசக் கதைக்கு வருகிறேன். அங்கே அது தேசிய விடுமுறை, தெரியுமா? தை மாதம் அவர்களுக்கு நல்ல கோடை. கொடியேறின நாளிலிருந்து பத்து நாள் விரதம். காத்ர் போர்ன் என்ற ஊரில் மலைச்சரிவில் முருகன் கோயில். ரோஸ் நிறத்தில் துணி உடுத்தி, நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தி, பூவும் ஓலையும் வைத்துக் கட்டின வில்வளைவுக் காவடியைத் தோளில் தூக்கிக்கொண்டு, தார் உருகுகிற ரோட்டில் நடந்து அத்தனை படியும் ஏறுகிறார்கள். செம்புப் பால் திரியாமல் போய்ச் சேரவேண்டும் என்பது கணக்கு. கூட்டத்தில் சீன முகம் இருந்தது, ஆப்பிரிக்க முகம் இருந்தது. என் பக்கத்தில் நின்ற அம்மாள் அழுதுகொண்டே பாடினாள். கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். பாட்டு முருகன் பாட்டு, எழுத்து இங்கிலீஷ் எழுத்து.

நான் பேச்சுக் கொடுத்த ஒருவருக்கும் 'வணக்கம்' தாண்டித் தமிழ் வரவில்லை, ராசப்பா. வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, சர்க்கார் காகிதத்தில் இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தில் தமிழ் விருப்பப் பாடமாக இருக்கிறது. பேர் மட்டும் வீராப்பன், முத்துசாமி, ஆறுமுகம். அதையும் பிரெஞ்சுக்காரன் எழுதின எழுத்துக்கூட்டலில் வாசித்தால் நமக்கே அடையாளம் தெரியாது.

ஆனால் சாப்பாட்டில் ஒன்றும் குறையவில்லை. காவடி முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறி. பூசணி, பலாக்காய், வாழைக்காய், கத்திரி என்று வந்துகொண்டே இருக்கிறது. ரசம் வந்ததும் நான் இலையை அணைகட்டினேன், எதிரில் இருந்த பையன் என்னைவிட லாவகமாகக் கட்டினான். காலையில் தெருவண்டியில் நம் பருப்பு வடையைச் சுடச்சுட வெண்ணெய் தடவின ரொட்டிக்குள் நசுக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். பேர் கேட்டால் காத்தோ பிமாங். தால் பூரி என்று கடலைப்பருப்பை அடைத்த மெல்லிய ரொட்டி உண்டு, இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். பாலில் சப்ஜா விதையும் கடல்பாசியும் போட்ட அலூதா குடித்தபோது மதுரை ஜிகர்தண்டா ஞாபகம் வந்தது. அன்னாசியைச் சீவி மிளகாய் உப்பில் புரட்டித் தருகிறார்கள். உன் சுகருக்கு இதைப் படிப்பதே ஆகாது, விடு.

இன்னொன்று, உனக்காகவே விசாரித்து வைத்தது. அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. நூறு ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வக்கீலின் படம். 1998-ல் புது நோட்டு அடித்தபோது வரிசையை மாற்றித் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் நோட்டையே திரும்பப் பெறவைத்துப் பழைய வரிசையில் மறுபடி அடிக்கவைத்தார்கள். பேசத் தெரியாத மொழிக்கு! மொழி போனால் எல்லாம் போச்சு என்று வகுப்பு வகுப்பாகக் கரும்பலகையைத் தட்டினாயே, இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? எனக்குத் தெரியவில்லை. உன்னை மடக்கிவிட்டதாக அங்கே இருந்தபோது சந்தோஷப்பட்டேன். ஊருக்கு வந்தபின் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

பேரன் எட்டாவது போகிறான். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இங்கிலீஷ் மீடியம், இரண்டாவது மலையாளம். தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. "அதில் படிச்சு இங்கே என்ன பண்றதுங்கப்பா?" என்கிறான் மகன். என் பென்ஷன் காகிதமே மலையாளத்தில்தானே வருகிறது, நான் என்ன பதில் சொல்ல? பழனி பாதயாத்திரைக்கு மட்டும் பேரன் வருஷம் தவறாமல் வருகிறான். அரோகரா போடுவதில் அவன்தான் முன்னால். அந்தப் படி ஏறினவர்களைப் பார்த்ததிலிருந்து இவன் போடுகிற அரோகரா எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. கடல் தாண்டிப் போனவர்களுக்கு இருநூறு வருஷம் பிடித்தது. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, அப்படியிருந்தும் நமக்கு மூன்று தலைமுறை போதும் போலிருக்கிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

அங்கே கரும்புக்காட்டு நடுவில் கோபுரம் கோபுரமாகக் கருங்கல் குவிந்து கிடக்கும். எரிமலைத் தீவு, மண் முழுக்கக் கல். அடிமைகளும் அவர்களுக்குப் பின்னால் வந்த கூலிகளும் கையால் பொறுக்கிக் குவித்தது. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனாரும் தச்சனுமாகத் தமிழர்கள் போயிருக்கிறார்கள். 1834-க்கு அப்புறம் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் நாலரை லட்சத்துக்குப் பக்கம். பீகார்காரர்கள்தான் அதிகம், மதராஸில் கப்பலேறியவர்களும் நிறைய. அவர்கள் ஏறிவந்த ஆப்ரவாசி காட் படிகள் போர்ட் லூயியில் இருக்கின்றன. 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஒரு தம்பிதான் அந்தக் கல்மேடுகளைக் காட்டினான். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய கூலிப் பதிவேடுகள் இருக்கின்றன. அதிலிருந்து தன் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் பேரைத் தேடி நகல் எடுத்து வைத்திருக்கிறான். பேர், தகப்பன் பேர், வயது, உயரம், புருவத்தில் தழும்பு எல்லாம் இருக்கிறது. ஜில்லா கோயமுத்தூர். ஊர் என்ற இடத்தில் அந்தக் கிளார்க்கு துரை தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பது 'கோலிஞ்சிபாரி'.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நம் சித்தூர் தாலுகா அப்போது கொச்சி ராஜ்ஜியம், கோயமுத்தூர் ஜில்லா எப்படி வரும் என்பாய். கங்காணி கூட்டிப்போன இடத்தைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? இல்லை, கொளுஞ்சி முளைக்கிற பாறை எத்தனையோ இருக்கும், அந்தப் பக்கத்திலேயே அப்படி ஒரு ஊர் இருக்கிறதா? ஊர்ப்பேர் எழுதி வைத்த உன் நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கு. உடுமலை, பல்லடம், தாராபுரம் மூன்றையும் பார். கெமிஸ்ட்ரியிடம் மூச்சு விடாதே, அவன் ஒரு ஊரையே கட்டிவிடுவான்.

தம்பி ஜூலையில் வர டிக்கெட் போட்டுவிட்டான். கோயமுத்தூரில் இறங்குகிறவனை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது என்று அதற்குள் எனக்குத் தெரியவேண்டும்.

அன்புடன்,
கிட்டு