செயலாளரின் ஆண்டறிக்கை: கைக்கு வந்ததும் காசுக்கு வாங்கியதும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சான் அன்டோனியோவில் நாணயமும் தபால்தலையும் சேர்க்கும் தமிழர்கள் கூடித் தொடங்கிய நம் வட்டம், கடந்த ஓராண்டாக ராணுவ சேலஞ்ச் காயின்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. தபால்தலைப் பிரிவினருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு என்று தெரியும். என்ன செய்வது, ஊர் அப்படி. ஒரு பக்கம் லாக்லேண்ட் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் மேசையைக் கிளறினால் ராஜராஜன் காசா கிடைக்கும்? ஏதாவது ஒரு படைப்பிரிவின் காயின்தான் கிடைக்கும்.

உறுப்பினர் எண்ணிக்கை, சந்தா, வரவு செலவு எல்லாவற்றையும் பொருளாளர் தனியாக வாசிப்பார். கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் ஜூலையில் மட்டும் கூட்டம் இல்லை.

புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலஞ்ச் காயின் கடையில் செல்லும் காசு அல்ல. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு அங்குல விட்டம் இருக்கும். ஒரு பக்கம் படைப்பிரிவின் சின்னம், மறுபக்கம் அதன் முழக்கமோ தளபதியின் பதவியோ பொறித்திருக்கும். இந்தப் பிரிவைச் சேர்ந்தவன் என்பதற்கு அடையாளமாகவும், நல்ல வேலைக்கு மேலதிகாரி தரும் பாராட்டாகவும் கைமாறுவது. உள்ளங்கையில் மறைத்து வைத்து, கைகுலுக்கும் சாக்கில் அடுத்தவர் கைக்குள் அழுத்துவது வழக்கம். 2011 ஜூனில், பதவியிலிருந்து இறங்கும் முன் ஆப்கானிஸ்தானுக்கு விடைபெறச் சென்ற பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், வரிசையில் நின்ற வீரர்களுக்கு இப்படித்தான் கொடுத்துக்கொண்டே போனார்.

இந்த ஆண்டின் பெரிய விவாதம் லாக்லேண்டில் தொடங்கியது. விமானப்படையின் அடிப்படைப் பயிற்சி அங்கே நடக்கிறது. ஏழரை வாரப் பயிற்சியின் முடிவில் பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நிற்க, பயிற்றுநர் ஒவ்வொருவராகக் கடந்து வந்து கையில் ஏர்மேன் காயினை வைக்கிறார். அதுவரை ‘ட்ரெய்னி’. காயின் கையில் விழுந்த பிறகுதான் ‘ஏர்மேன்’, அதாவது விமானப்படை வீரர். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் இந்த ஆண்டு அதைப் பெற்றாள். நவம்பர் 11 படைவீரர் நாளையொட்டி நாம் வைத்த கண்காட்சிக்கு ஒரு வாரம் இரவல் கேட்டோம். “ஒரு நாளைக்குக்கூடத் தர மாட்டேன் அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பாவுக்குத்தான் சங்கடம். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

உடனே ஓர் உறுப்பினர், “இதே காயின் கடையிலேயே விற்கிறது, ஒன்று வாங்கி வைத்துவிடலாமே” என்றார். உண்மைதான். ஏர்மேன் காயின் மாதிரிகள் சில டாலருக்கு விலைக்குக் கிடைக்கின்றன. அதே சின்னம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வாங்கி வைக்கலாமா கூடாதா என்று தொடங்கிய பேச்சு இரண்டு கூட்டங்களைத் தின்றுவிட்டது. காயின் என்றால் உலோகமும் வடிவமைப்பும்தான், யார் கொடுத்தால் என்ன என்றது ஒரு தரப்பு. பிறர் உழைத்துப் பெற்றதை விலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நமக்கு அழகல்ல என்றது மறு தரப்பு. காயின் விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பதக்கத்தை விற்பதுதான் அமெரிக்காவில் குற்றம். ஆகவே சட்டத்தைக் காட்டி யாரும் யார் வாயையும் அடைக்க முடியவில்லை.

கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். வட்டத்தின் பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு காயினுக்கும் ஓர் அட்டை இருக்க வேண்டும். யார், யாருக்கு, எதற்காக, எந்த ஆண்டு கொடுத்தார் என்று அதில் எழுத வேண்டும். விலைக்கு வாங்கியிருந்தால் ‘வாங்கியது’ என்று பளிச்சென்று எழுத வேண்டும். தீர்மானம் நிறைவேறியது. என் சொந்தக் கருத்தையும் பதிவு செய்கிறேன்: கைக்குக் கை வந்த கதை தெரியாவிட்டால், அந்தக் காயினின் பாதிதான் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

அட்டை எழுதப் புகுந்தபோது கண்காட்சியின் முகப்புப் பலகையும் மாட்டிக்கொண்டது. முதல் உலகப்போர் விமானியின் கதையை அதில் வரலாறாக எழுதியிருந்தோம். வசதியான ஓர் அதிகாரி தன் அணியினருக்கு வெண்கலக் காசு அடித்துக் கொடுத்தாராம். ஒரு விமானி அதைத் தோல் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாராம். ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி, பிரெஞ்சுக்காரர்களிடம் உளவாளி என்று மாட்டி, சுடப்போகும் நேரத்தில் காசைக் காட்டிப் பிழைத்தாராம். கூடவே ஒரு புட்டி ஒயினும் கிடைத்ததாம்! அருமையான கதை. ஆனால் விமானிக்குப் பெயர் இல்லை, அணிக்கு எண் இல்லை. கர்ணபரம்பரைக் கதை என்று தலைப்பிட்டுப் பலகையின் ஓரத்துக்கு மாற்றியாயிற்று.

அதற்குப் பதில் நடுவில் வந்தவை இவை. கொரியப் போர்க்காலத்தில் 17-ஆம் காலாட்படை ரெஜிமென்டின் கர்னல் வில்லியம் குவின் தன் வீரர்களுக்காக அடிக்கச் செய்த காயின். அவரை ‘பஃபலோ பில்’ என்பார்கள், காயினிலும் காட்டெருமை இருந்தது. 1960-களில் ஸ்பெஷல் ஃபோர்சஸ் எனும் சிறப்புப் படையின் 10-ஆம் குழுவில் வேரூன்றிய காயின் வழக்கம். வியட்நாமில் இருந்த ‘புல்லட் கிளப்’ பழக்கம்: அங்கே காயினுக்குப் பதில் துப்பாக்கித் தோட்டாவை வைத்திருந்தார்கள், மதுக்கூடத்தில் எடுத்துக் காட்ட முடியாதவர் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும். ஒருவரை ஒருவர் மிஞ்சப் போய்ப் பீரங்கிக் குண்டு வரை மேசைக்கு வந்துவிட்டதாம். மற்ற படைப்பிரிவுகளுக்குக் காயின் பரவலானது 1980-களில்தான்.

காயினை வைத்துச் சவால் விடும் விளையாட்டையும் ஆடிப் பார்த்தோம். ஒருவர் காயினை மேசையில் ஓங்கித் தட்டி அழைக்க வேண்டும். கூடியிருப்பவர்கள் தங்கள் காயினை எடுத்துக் காட்ட வேண்டும். ஓர் எட்டு வைத்துக் கையை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் காயின் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். காட்டாதவர் எல்லாருக்கும் செலவு செய்ய வேண்டும். எல்லாரும் காட்டிவிட்டால் அழைத்தவர் தலையில் செலவு. பிள்ளைகள் இருந்ததால் பந்தயம் ஃபில்டர் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும். துணைத் தலைவர் பெருமையாகச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அதில் தொங்கிய காயினில் ஓட்டை போட்டிருந்தது. ஓட்டை போட்டால் அது காயின் அல்ல, சாவி வளையம் என்பது பழைய விதி. எவ்வளவோ வாதாடினார், எடுபடவில்லை. அன்று காபி நன்றாக இருந்தது.

மார்ச் மாதச் சிறப்புப் பேச்சாளர் நம்மூர் இளைஞர். மேற்படிப்புக்கு வந்து, மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தவர். பச்சை அட்டை இல்லாமல் முறையான விசாவில் இருப்பவர்களை, ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்டு விரைவாகக் குடியுரிமையும் தந்த திட்டம் அது. 2009-இல் ஆள்சேர்ப்பு தொடங்கியது, 2016-இல் நிறுத்தப்பட்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் மருத்துவ உதவியாளர் பயிற்சி முடித்த இவர், தனக்குக் கிடைத்த காயின்களை ஒரு பழைய சாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்றுக்கொன்று உரசி விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தன. நம் சேகரிப்பாளர்கள் பதறிப்போய் உறை கொடுத்தார்கள். “வேண்டாம் அண்ணா, இதுங்க பையிலயே இருந்து பழகினது” என்றார். ஆனால் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று நிதானமாகச் சொன்னார். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளம் நமக்கு வடக்கே, காரில் போய்விட்டு அன்றே திரும்பும் தூரம். 2009 நவம்பரில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அஞ்சலிக் கூட்டத்தில் அதிபர் ஒபாமா ஒவ்வொருவருக்கும் வைத்திருந்த நினைவு அடையாளத்தின் முன் தன் காயினை வைத்துச் சென்றார். இதற்கு ஓர் அட்டை எழுதி, காயின் இல்லாமல் அட்டையை மட்டும் பெட்டியில் வைத்தோம். அந்த இடத்தில் யாரும் மாதிரிக் காயின் கேட்கவில்லை.

நேர்மாறான கதை சிங்கப்பூர்க் காயின். அதிபர் டிரம்ப்பும் வடகொரியத் தலைவர் கிம்மும் சிங்கப்பூரில் சந்திப்பதற்காக வெள்ளை மாளிகைத் தகவல்தொடர்புப் பிரிவு 2018 மே மாதமே காயின் அடித்துவிட்டது. காயின் வெளியே தெரிந்த சில நாளில், மே 24 அன்று, டிரம்ப் சந்திப்பை ரத்து செய்தார். பிறகு மனம் மாறி ஜூன் 12-இல் செந்தோசாவில் சந்தித்தார்கள். இதே நேரத்தில் வெள்ளை மாளிகைப் பெயரில் இயங்கும் தனியார் பரிசுக் கடை ஒன்று தானும் ஒரு காயின் விற்றது. இரண்டும் வேறு வேறு. வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.

பராமரிப்புப் பற்றி ஒரு வேண்டுகோள். ஓர் உறுப்பினர் (பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில் இருக்கிறார்) ஆன்டிக் ஃபினிஷ் காயினைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டிருந்த கருமை போய்விட்டது, கழுகின் இறகு எது, பின்னணி எது என்று தெரியவில்லை. காயினைத் தேய்க்கவே கூடாது. மென்மையான பி.வி.சி. உறைகளும் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். பி.வி.சி. இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். காயினில் வண்ணம் பூசியிருப்பது சாஃப்ட் எனாமலா ஹார்ட் எனாமலா என்று பார்க்க நகத்தால் மெல்லத் தடவினால் போதும்: சாஃப்டில் வண்ணம் பள்ளத்தில் இருக்கும், உலோகக் கோடு நகத்தில் தட்டுப்படும். ஹார்டில் எல்லாம் ஒரே மட்டம்.

அடுத்த ஆண்டுக்கான வேலைகள்: பெட்டியில் அட்டையில்லாமல் கிடக்கும் காயின்களுக்கு அட்டை எழுதி முடிப்பது, இந்நகரில் ஓய்வுபெற்று வாழும் படைவீரர்களில் விருப்பமுள்ளவர்களிடம் காயின் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்வது, தபால்தலைப் பிரிவுக்கு இரண்டு கூட்டங்களை முழுதாக ஒதுக்குவது. கடைசி வாக்குறுதியைச் செயற்குழு எழுத்தில் கொடுத்திருக்கிறது.

கண்காட்சிக்கு மேசை தந்தவர்கள், பலகை எழுதிய பிள்ளைகள், பஜ்ஜி போட்ட அன்பர்கள் அனைவருக்கும் நன்றி. அறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன். கண்ணாடிப் பெட்டியின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறதோ, தேர்தல் தொடங்கும் முன் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்